ஹைப்ரிட்டா, ஆல் வீல் டிரைவா? நகரத்தில் வேலையும் அஞ்செட்டிப் பக்கம் நிலமும் உள்ளவருக்கு ஒரு பதில்

கேள்வி: பெங்களூரு பானஸ்வாடியில் குடியிருக்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை; வாரத்தில் ஐந்து நாளும் காரில்தான் போய்வருகிறேன், தினமும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஆகிறது. தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி போகும் வழியில் அப்பா காலத்து நிலம் நான்கு ஏக்கர் இருக்கிறது. மாதம் இருமுறை அங்கே போவேன். ஒரு வழிக்கு 80 கிலோமீட்டர். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை, நடுவில் ஓர் ஓடை. டெக்சாஸில் இருக்கும் மைத்துனர், தன்னிடம் இருப்பதைப் போல், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஒரு சிறிய ஹைப்ரிட் பிக்கப் வாங்கச் சொல்கிறார். என் அண்ணனோ, நான்கு சக்கரமும் இயங்கும் ஆல் வீல் டிரைவ் இல்லாத வண்டியை அந்தப் பாதையில் இறக்கவே கூடாது என்கிறார். உர மூட்டையும் சொட்டுநீர்க் குழாயும் ஏற்ற வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது ஃபோர்டு மேவரிக்காக இருக்க வேண்டும். நல்ல வண்டிதான், ஆனால் அது இந்தியாவில் விற்கப்படுவதில்லை, ஃபோர்டு நிறுவனமும் இங்கே கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. அமெரிக்காவிலும் 2022 மாடலிலிருந்து 2024 மாடல் வரை மேவரிக் வாங்கியவர்கள் உங்களைப் போலவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: ஹைப்ரிட் என்றால் முன்சக்கரங்கள் மட்டும் இயங்கும், நான்கு சக்கரமும் இயங்க வேண்டுமென்றால் 2 லிட்டர் டர்போ எஞ்சினை எடுத்தாக வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தது 2025 மாடலில்தான். ஆக, உங்கள் வீட்டில் மைத்துனருக்கும் அண்ணனுக்கும் நடக்கும் இந்த வழக்கு, அங்கே மூன்று மாடல் ஆண்டுகள் நடந்து முடிந்த வழக்கு.

இங்கே பிக்கப் என்று கேட்டால் இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகிய இரண்டும் கைக்கு எட்டும். இரண்டுமே டீசல், இரண்டுமே 5.3 மீட்டர் நீளம். உங்கள் அடுக்ககத்தில் உங்களுக்கென்று கோடு போட்டுக் கொடுத்திருக்கும் இடத்தை முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். 5 மீட்டருக்குமேல் இருந்தால் வியப்பேன். தினமும் அலுவலகம் போய்வர அந்த நீளம் வேண்டாம் என்பது என் கருத்து. ஆகவே பிக்கப்பை இத்துடன் விட்டுவிடலாம்.

உங்கள் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு ஒப்பிட வசதியான ஓர் இணை நம் சந்தையில் இருக்கிறது. 2022-இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவும் அதன் உடன்பிறப்பான டொயோட்டா ஹைரைடரும் ஒரே உடலமைப்பில் ஹைப்ரிட்டாகவும் கிடைக்கின்றன, ஆல் வீல் டிரைவாகவும் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை. ஹைப்ரிட் வகையில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் ஒரு மின் மோட்டாரும் சேர்ந்து 116 பி.எஸ். ஆற்றலை முன்சக்கரங்களுக்கு மட்டும் தருகின்றன. ஆல் வீல் டிரைவ் வகையில் இருப்பது சுசுகியின் 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின். அதற்கும் 'மைல்டு ஹைப்ரிட்' என்று விற்பனையாளர் ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயரைக் கேட்டு இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணிவிடாதீர்கள், அதிலுள்ள சிறு மோட்டாரால் காரைத் தனியாக ஓர் அடிகூட நகர்த்த முடியாது. இரண்டையும் ஏன் சேர்க்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். ஹைப்ரிட்டின் பாட்டரி பின்பக்கம் டிக்கியின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. பின்சக்கரங்களை எஞ்சினோடு இணைக்க வேண்டுமானால் காரின் நடுவே நீளும் தண்டும் பின்னால் இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் ஒரு டிஃபரென்ஷியலும் வேண்டும். இடத்துக்குப் போட்டி. பின் அச்சுக்குத் தனியாக ஒரு மோட்டாரை வைத்து வெளிநாடுகளில் டொயோட்டா இதைத் தீர்த்திருக்கிறது; இந்தக் கார்களில் அந்த ஏற்பாடு இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். நிறுவனம் அறிவித்த மைலேஜ், ஹைப்ரிட்டுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், ஆல் வீல் டிரைவுக்கு 19 சொச்சம். இந்த எண்களை அப்படியே நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெங்களூரு நெரிசலில் இரண்டாவது எண் முதல் எண்ணைவிட மிக அதிகமாகச் சரிகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சில்க் போர்டு சந்திப்பில் கார் நின்று, பத்தடி நகர்ந்து, மறுபடி நிற்கும்போது ஹைப்ரிட்டில் எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே இருக்கிறது, மோட்டார்தான் இழுக்கிறது, பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்புகிறது. சாதாரண எஞ்சினுக்கு மிகவும் கெட்ட இடம் எதுவோ அதுவே ஹைப்ரிட்டுக்கு நல்ல இடம். ஆகவே நகரத்தில் ஹைப்ரிட்டுக்கு 22, ஆல் வீல் டிரைவுக்கு 11 என்றும், ஓசூரைத் தாண்டிய பிறகு முறையே 20, 16 என்றும் வைத்துக்கொள்கிறேன். நான் வழக்கமாகக் கணக்குப் போடும் எண்கள் இவை, உங்கள் கால் கனத்துக்கேற்பக் கொஞ்சம் மாறலாம்.

மாதத்தில் 22 வேலை நாள் என்றால் நகர ஓட்டம் 1,100 கிலோமீட்டர். ஹைப்ரிட்டுக்கு 50 லிட்டர், மற்றதற்கு 100 லிட்டர். நிலத்துக்கு இருமுறை போய்வர 320 கிலோமீட்டர். ஹைப்ரிட்டுக்கு 16 லிட்டர், மற்றதற்கு 20. மாதத்துக்கு 54 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 103 ரூபாய் என்று கொண்டால் ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம், ஐந்து ஆண்டில் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்குப் பக்கம். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல. அந்த 54 லிட்டரில் 50 லிட்டர் நகரத்திலேயே மிச்சமாகிறது; நிலத்துக்குப் போகும் வழியில் மிச்சம் வெறும் நான்கு லிட்டர். நாளைக்கே உங்கள் அலுவலகம் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னாலோ, மெட்ரோவில் போக நீங்கள் முடிவு செய்தாலோ ஹைப்ரிட்டின் வாதம் முழுவதும் கரைந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் உங்களுக்கு நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மறுபக்கம் அந்த ஒன்றரை கிலோமீட்டர். மாதம் இருமுறை, போக ஒன்று வர ஒன்று என்று பார்த்தால் ஆறு கிலோமீட்டர். உங்கள் மொத்த ஓட்டத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அண்ணன் சொல்வதைச் சதவீதம் காட்டித் தள்ளிவிட முடியாது. அஞ்செட்டிக் காடு யானை நடமாட்டம் உள்ள பகுதி. அந்தி சாயும் நேரத்தில் சேற்றில் சக்கரம் புதைந்து நிற்பதை வெறும் அசௌகரியம் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி, ஆல் வீல் டிரைவ் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பது. இந்தக் கார்களில் வழக்கமாக முன்சக்கரங்களே இழுக்கும். அவை வழுக்கத் தொடங்கியதும் கணினி பின்சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும். 'லாக்' நிலையில் வைத்தால் மெதுவாக ஊரும்போது இரு அச்சுக்கும் தொடர்ந்து விசை போகும். ஜிம்னியில் இருப்பதுபோன்ற குறைவேகக் கியர் இதில் கிடையாது. சேற்றில் நகரத் தொடங்கவும் வழுக்கும் மேட்டில் ஏறவும் இது பெரிய துணை. இறக்கத்தில் பிரேக் பிடிக்க இது உதவாது. டயரின் பள்ளங்கள் செம்மண்ணால் அடைந்து வழவழவென்று ஆகிவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். அடிவயிறு தட்டி உட்கார்ந்துவிட்டால் எதுவும் உதவாது. தரைக்கும் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்) இரண்டு வகையிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முன்சக்கரக் கார் எங்கே தோற்கும் என்பதை நான் ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். நண்பரின் காரில் டிக்கி நிறைய மூட்டை. ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான், எளிதாக இறங்கிவிட்டோம். எதிர்க்கரை ஏற்றம் நாற்பதடிகூட இருக்காது. பாதி ஏறியதும் முன்சக்கரம் சுழன்று சேற்றை வாரி வாரி அடித்தது. பின்னால் சுமை, முன்னால் ஏற்றம்: எடை முழுவதும் பின்சக்கரங்கள்மேல் போய்விட, இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் எடையற்றுப் போயின. டிராக்‌ஷன் கண்ட்ரோல் சக்கரம் வழுக்குவதைத் தடுக்கத் தன் பங்குக்கு விசையைக் குறைத்துக்கொண்டே இருந்தது. அங்கே மாடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வண்டியத் திருப்பிப் பின்னாலயே ஏறுங்க" என்றார். நான்கு மூட்டையை இறக்கிவிட்டு, ஓடைக்குள்ளேயே காரைத் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றினோம், சிரமமில்லாமல் ஏறிவிட்டது. இழுக்கும் சக்கரங்கள் பள்ளப் பக்கம் இருந்ததால் எடை அவற்றின்மேல் விழுந்தது, அவ்வளவுதான். பொறியியல் படித்த எங்களுக்கு அது தோன்றவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றரை கிலோமீட்டரையும் அல்ல, ஓடைக்கு அக்கரையில் உள்ள ஏற்றத்தை. நல்ல மழைக்கு மறுநாள், இப்போதுள்ள காரை இக்கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். ஏற்றம் மெலிதாக இருந்து, சேறு ஓரிரு இடத்தில் மட்டும் தங்குகிறது என்றால், என் பரிந்துரை ஹைப்ரிட். அந்த ஓரிரு இடத்தில் ஜே.சி.பி. வைத்துக் கிராவல் கொட்டி இறுக்கிவிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களும் அதே பாதையில்தானே போகிறார்கள், செலவைப் பகிர்ந்துகொள்வதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. மாறாக, ஏற்றம் செங்குத்தாக இருந்து, பாதை பொதுவழியோ வனத்துறை எல்லையோ ஆகி நீங்கள் கைவைக்க முடியாத நிலை என்றால் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். மாதம் ஐந்தாயிரத்தை அதற்கான கட்டணமாக எண்ணிக்கொள்ளுங்கள்.

சுமையைப் பொறுத்தவரை இரண்டுமே உங்களுக்கு முழுத் தீர்வு ஆகாது. பாட்டரி காரணமாக ஹைப்ரிட்டின் டிக்கி ஏறத்தாழ 100 லிட்டர் சிறியது. பின் இருக்கையை மடித்தால் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் ஒன்றிரண்டு போகும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். உரத்தைப் பெங்களூருவிலிருந்து ஏற்றிப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. தேன்கனிக்கோட்டையில் வாங்கி, ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடித்து அனுப்பிவிட்டால் காரின் டிக்கியும் நாறாது, ஓடை ஏற்றத்தில் பின்பாரமும் இருக்காது. அஞ்செட்டிச் சாலையில் குட்டி யானை என்று கேட்டால் டாட்டா ஏஸைத்தான் சொல்கிறீர்கள் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பராமரிப்பில் இரண்டு செய்தி. ஹைப்ரிட் பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு; உங்கள் ஓட்டத்துக்கு ஆண்டுக்கணக்குதான் முதலில் முடியும். டொயோட்டா வகை ஹைப்ரிட்களில் பாட்டரியைக் குளிர்விக்கப் பொதுவாகப் பயணிகள் இருக்கும் அறையின் காற்றே உள்ளிழுக்கப்படுகிறது. அந்தத் துளை எங்கே இருக்கிறது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதை மூட்டையாலோ துணியாலோ அடைக்காமலும், செம்மண் தூசி படியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல் வீல் டிரைவ் எடுத்தால் டயரில் கவனம் தேவை: கருவேல முள்ளோ கூரிய கல்லோ ஒரு டயரைக் கிழித்துவிட்டால், பாதி தேய்ந்த மூன்றோடு புத்தம் புதிய ஒன்றைப் போடக் கூடாது. சுற்றளவு வேறுபடுவதால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, இரு அச்சையும் இணைக்கும் கிளட்ச் வீணாகச் சூடேறும். மற்றவை அதிகம் தேயாதிருந்தால் மட்டும் ஓர் அச்சின் இரண்டு டயர்களை மாற்றினால் போதும். தேய்மானம் அதிகம் என்றால் நான்கையுமே.

விலையை நான் இங்கே எழுதவில்லை. சலுகைகள் மாதாமாதம் மாறுகின்றன. கர்நாடகாவில் ஆயுள்கால வரி காரின் விலைக்கேற்பச் சதவீதமாக ஏறுவதால், ஷோரூம் விலையை ஒப்பிடாமல், இரண்டுக்கும் ஒரே நாளில் ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். வித்தியாசம் எதுவாயினும் அதை 5,500-ஆல் வகுத்தால், எத்தனை மாதத்தில் ஹைப்ரிட் தன் கூடுதல் விலையைத் திருப்பித் தருகிறது என்பது தெரிந்துவிடும்.