மேஸ்திரியைக் கேளுங்கள்: நிலம் ஆடினால் வீடு நிற்குமா?

வாசகி, வண்டிப்பெரியாறு: பூகம்பத்துக்குத் தேதி குறித்து மொபைலில் யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இடுக்கியில் பெரிதாக வருமா? முல்லைப் பெரியாறு அணை என்ன ஆகும்?

தேதி சொல்கிறவனை நம்பாதீர்கள் அம்மா. நாளும் நேரமும் குறித்துச் சொல்லும் வித்தை உலகத்தில் எவரிடமும் இல்லை. அதற்காக நம்முடையது ஆடாத மலை என்றும் சொல்ல மாட்டேன். 1988-ல் நெடுங்கண்டம் பக்கம் ரிக்டர் கணக்கில் 4.5, 2000 டிசம்பரில் ஈராற்றுப்பேட்டை பக்கம் 5. கோயம்புத்தூர் 1900-ல் சுமார் 6 பார்த்திருக்கிறது. 5-க்கும் 6-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்பார்கள். வெளிப்படும் சக்தியில் அது ஏறக்குறைய 32 மடங்கு. 1993-ல் மகாராஷ்டிராவின் லாத்தூரை அழித்தது 6.2 தான். விடியுமுன், ஊரே தூங்கும்போது, மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர்கள் சரிந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஆட்டத்தைவிடச் சுவர்தான் அங்கே ஆளைக் கொன்றது.

அணையைப் பற்றி என் வாயைக் கிளறாதீர்கள். அந்தத் தண்ணீரில் பயிர் செய்யும் கம்பத்தில் எனக்குச் சம்பந்தி, அணைக்குக் கீழே இருக்கும் உங்கள் ஊரில் தங்கை. யார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு பேசுகிறேன் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அதைப் பார்க்க நிபுணர் குழு இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

வாசகர், கட்டப்பனை: சரிவில் தூண் நிறுத்தி மாடி வீடு கட்டப்போகிறேன். கீழே ஜீப் நிறுத்த இடம் வேண்டும். ஆபத்தா?

ஆபத்துதான் தம்பி, ஆனால் சரிசெய்யக்கூடியது. சரிவு வீட்டில் மேட்டுப்பக்கம் குட்டைத் தூண், பள்ளத்துப் பக்கம் நெட்டைத் தூண் வரும். நெட்டைதான் விழும் என்று எல்லோரும் பயப்படுவார்கள். ஆடும்போது நெட்டை வளைந்து கொடுத்துவிடும். குட்டை விறைத்து நின்று இழுப்பையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு முதலில் வெடிக்கும். அதனால் பிளானை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டாமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

அப்புறம், கம்பி கட்டும் அன்று லீவு போட்டு நில்லுங்கள். தூணின் நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகளை, அதாவது ரிங்குகளை, அவசரத்தில் 90 டிகிரியில் மடக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஆட்டத்தில் மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த மடிப்பு வாயைத் திறந்துவிடும். நுனி 135 டிகிரிக்கு மடங்கி, தூணின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். தூண் பீமைச் சேரும் இடத்தில் மேலும் கீழும் ரிங் நெருக்கமாக இருக்க வேண்டும். நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கண்டால் கான்கிரீட் ஊற்ற விடாதீர்கள். கம்பிக்காரர் முணுமுணுப்பார், டீ வாங்கிக் கொடுங்கள். கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் கான்கிரீட்டை ஜன்னல் ஜன்னலாகத் துண்டு போடாமல் எல்லாச் சுவரையும் சுற்றி ஒரே பெல்ட்டாக ஓட்டுங்கள்.

மழைக்காலத்தில் லேசாக ஆடினாலும் வீட்டுப் பின்மேட்டைப் போய்ப் பாருங்கள். புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, எது கண்ணில் பட்டாலும் உடனே குடும்பத்தோடு வெளியேறிவிடுங்கள்.

வாசகி, குமுளி: வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூட விட மாட்டார்கள். நான் என்ன செய்ய?

கட்டிலை நகர்த்த வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லையே. பீரோ சாய்ந்தாலும் மேலே விழாத தூரத்தில், ஜன்னல் கண்ணாடியை விட்டுத் தள்ளிப் போடுங்கள். பீரோ மேலிருக்கும் பித்தளை அண்டாவைக் கீழே இறக்குங்கள். ஆடும்போது படிக்கட்டுக்கு ஓடாதீர்கள். மேஜைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுத்திருந்தால் தலையணையால் தலையை மூடிக்கொள்ளுங்கள். செருப்பும் டார்ச்சும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், இருட்டில் கண்ணாடிச் சில்லு காலைக் கிழித்துவிடும். சிலிண்டர் ரெகுலேட்டரை மூட வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும், மாமியார் உட்பட.