குறைத்தது சோறு, கூடவே போனது புரதம்

கேள்வி: டாக்டர், எனக்கு 42 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. உயரம் 156 செ.மீ. எடை 78 கிலோ இருந்தது. காலையில் நாலு இட்லியை இரண்டாக்கினேன், மதியம் இரண்டு கப் சாதத்தை ஒன்றாக்கினேன், ராத்திரி மூன்று தோசையை விட்டுவிட்டுப் பப்பாளி மட்டும் சாப்பிட்டேன். இரண்டரை மாதத்தில் 69 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாடி ஏறினால் தொடை நடுங்குகிறது. ராத்திரி பத்து மணிக்குப் பசி தாங்கவில்லை. புரதம் போதவில்லை என்று ஜிம்முக்குப் போகும் என் தம்பி ஒரு பவுடர் டப்பா வாங்கி வந்து வைத்திருக்கிறான். அம்மாவுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் பழுதாகி வைத்தியம் நடக்கிறது. அவர் எங்களுடன்தான் இருக்கிறார். அதனால் புரதம் என்றாலே எனக்குப் பயம். எனக்குச் சர்க்கரை இல்லை, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 0.7. முட்டை, மீன், கோழி சாப்பிடுவோம். செவ்வாய், வெள்ளி கிடையாது, புரட்டாசி முழுக்கக் கிடையாது. பயறு வகை கூட்டினால் வாயு பிடிக்கிறது. வீட்டுச் சாப்பாட்டிலேயே தேவையான புரதம் கிடைக்குமா? கொள்ளுத் தண்ணீர் குடித்தால் போதுமா?

பதில்: கிடைக்கும், சகோதரி. செவ்வாய், வெள்ளியிலும் கிடைக்கும், புரட்டாசியிலும் கிடைக்கும். பவுடர் டப்பாவைத் திறக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. ஆனால் இந்த இரண்டரை மாதத்தில் உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் என்ன சமைப்பது என்பது தானாகப் புரியும்.

நீங்கள் எழுதிய சாப்பாட்டை ஒரு தாளில் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். ஒரு கப் சாதத்தில் 4 கிராம். ஒரு தோசையில் 3 கிராம். இரண்டு இட்லி, ஒரு கப் சாதம், மூன்று தோசையை நிறுத்தியபோது தினமும் 17 கிராம் புரதத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டீர்கள். சோறும் இட்லியும் வெறும் மாவுச்சத்து என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நம் ஊர் வீடுகளில் சாப்பிடும் அளவு அதிகம் என்பதால், அன்றாடப் புரதத்தில் பெரும் பங்கு அரிசி, கோதுமையிலிருந்துதான் வருகிறது. சாதத்தைக் குறைத்தது சரி. குறைத்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை, அங்கேதான் பிழை. முன்பு உங்களுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமுக்குச் சற்று மேல் கிடைத்திருக்கும். அதுவே குறைவு. இப்போது சாம்பார், மோர், காபி, டீயில் சேரும் பால் எல்லாவற்றையும் கூட்டினாலும் 25 கிராமைத் தாண்டவில்லை.

எவ்வளவு வேண்டும்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம். இது எடை குறைக்காதவர்களுக்கான கணக்கு. எடை குறைக்கும்போது கிலோவுக்கு 1.2 கிராம் அளவுக்கு நான் சொல்வது வழக்கம். அதையும் இன்றைய எடைக்குப் போடுவதில்லை, உங்கள் உயரத்துக்கு உரிய எடைக்குத்தான் போட வேண்டும். 156 செ.மீ. உயரத்துக்கு அது 56 கிலோ. ஆக உங்கள் இலக்கு 65 முதல் 70 கிராம். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

எடை குறையும் காலத்தில் ஏன் கூடுதலாக வேண்டும் என்று கேட்கலாம். சாப்பாடு குறைந்ததும் உடம்பு தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. கொழுப்பை மட்டும் எடுத்தால் நல்லது. ஆனால் தசையையும் உடைத்து எடுக்கும். வெறுமனே சாப்பாட்டைக் குறைப்பவர்களுக்கு இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத எடையாக இருக்கும். உங்கள் 9 கிலோவில் முதல் இரண்டு வாரத்தில் இறங்கியதில் கணிசமானது தண்ணீர். மீதியில் கொழுப்போடு தசையும் போயிருக்கிறது. தராசு இதைக் காட்டாது. மாடிப்படியில் நடுங்கும் தொடைதான் காட்டும். தொடைத் தசை உடம்பின் பெரிய தசைகளில் ஒன்று. சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கும் வீட்டுப் பெண் அந்தத் தசையை இழக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

ராத்திரி பத்து மணிப் பசிக்கும் காரணம் இதுதான். பப்பாளி நல்ல பழம். ஆனால் அதில் புரதம் அனேகமாக இல்லை, வயிற்றில் நிற்காது. புரதம் நெடுநேரம் பசி தாங்கும். அதைச் செரிக்கவே உடம்பு அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதத்தைச் செலவழிக்கிறது. மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 சதவீதம்தான்.

இனி அடுப்படிக்கு வருவோம். பருப்பு தினமும் சாப்பிடுகிறோமே என்று எல்லோரும் சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: குக்கரில் எவ்வளவு போட்டீர்கள்? நாலு பேர் வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டுச் சாம்பார் வைத்து, அதையே மதியமும் ராத்திரியும் ஊற்றிக்கொள்கிறார்கள். 100 கிராம் பருப்பில் 22 கிராம் புரதம். நாலாகப் பிரித்தால் தலைக்கு ஐந்தரை கிராம், அதுவும் நாள் முழுமைக்கும். சாம்பார் மேல் குற்றமில்லை. அதில் பருப்பு போதவில்லை, அவ்வளவுதான். தலைக்கு 40 கிராம் என்று அளந்து போடுங்கள். கரண்டி விட்டால் வழியாமல் நிற்கிற கெட்டிப் பருப்பாக இருக்கட்டும்.

கொள்ளும் அப்படித்தான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது, எந்தத் தானியமும் கரைக்காது. ஆனால் 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதமும் நல்ல நார்ச்சத்தும் இருப்பதால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். அந்தப் புரதம் கொள்ளிலேயே தங்கிவிடும், வேகவைத்த தண்ணீருக்கு வருவது சொற்பம். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போட்டால் மாட்டுக்குத்தான் சத்து. உங்கள் கொங்குப் பக்கத்தில் கடைகிற கொள்ளுப் பருப்பு இருக்கிறதே, அதைச் சாப்பிடுங்கள். ரசம் துணைக்கு இருக்கட்டும்.

உங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சாதம் என்னைக் கேட்டால் இந்த வேலைக்கென்றே அமைந்த உணவு. வழக்கமாக இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவார்கள். அதைச் சமபங்காக்குங்கள்: தலைக்கு 40 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பு. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. ஒரே சட்டியில் இரண்டும் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்கின்றன.

ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். காலையில் 50 கிராம் பச்சைப்பயறை இரவே ஊறவைத்து, இஞ்சி, பச்சைமிளகாய் சேர்த்து அரைத்து இரண்டு தோசை: 12 கிராம். காபி, டீயில் சேரும் பால்: 6. மதியம் மேலே சொன்ன அரிசிம்பருப்புச் சாதம், ஒரு கீரைப் பொரியல், ஒரு கிண்ணம் தயிர்: 20. தயிரைத் தண்ணீர் மோராக்கினால் இந்தக் கணக்கு இடிக்கும், தயிராகவே சாப்பிடுங்கள். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் 40 கிராம் கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறு சுண்டல்: 8 கிராமுக்குக் குறையாது. ராத்திரி ஒரு சப்பாத்தி, காய் நிறையப் போட்டு 30 கிராம் மீல்மேக்கர் குருமா: 18. கூட்டினால் 64. கலோரியோ 1,400-க்கு அருகில்தான் நிற்கும், எண்ணெயை நாள் முழுக்க மூன்று தேக்கரண்டிக்குள் வைத்திருந்தால். ராத்திரி பப்பாளி வேண்டுமா, குருமாவுக்குப் பிறகு ஒரு துண்டு சாப்பிடுங்கள்.

மீல்மேக்கரைப் பலர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். எண்ணெய் எடுத்த சோயா மாவு அது. காய்ந்த நிலையில் எடையில் பாதிக்கு மேல் புரதம். வாரத்தில் மூன்று நாள் தாராளமாகச் சேர்க்கலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேர இடைவெளி விட வேண்டும். அது பிடிக்காத ராத்திரிகளில் 75 கிராம் பன்னீர் போதும், 14 கிராம் கிடைக்கும். அதில் கொழுப்பு அதிகம் என்பதால் நெய்யில் வறுக்க வேண்டாம்.

அசைவ நாட்கள் சுலபம். இரண்டு முழு முட்டையில் 12 கிராம். மஞ்சள் கருவைத் தூக்கிப் போடாதீர்கள், முட்டைப் புரதத்தில் ஏறக்குறைய பாதி அதில்தான் இருக்கிறது. 100 கிராம் மத்தியோ கோழியோ 20 கிராம் தரும். குழம்பாக வையுங்கள், பொரித்தால் எண்ணெயின் கலோரி சேர்ந்துவிடும். ஆட்டுக்கால் சூப்பைப் புரதக் கணக்கில் எழுத வேண்டாம். அதில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். உடம்புக்கு அவசியமான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது.

வேர்க்கடலை, பாதாமைப் புரதத்துக்காக அள்ளிச் சாப்பிடுவது எடை குறைப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் புரதம் உண்டு, கூடவே 50 கிராம் அளவுக்குக் கொழுப்பும் உண்டு. ஒரு சிறு கைப்பிடியோடு நிறுத்துங்கள். ராகியும் சுண்ணாம்புச் சத்துக்கு அருமையானது, புரதத்தில் அரிசியோடுதான் நிற்கும்.

வாயு பற்றிக் கேட்டீர்கள். பயறில் உள்ள சில சர்க்கரைகளைச் செரிக்க நம் குடலில் நொதி கிடையாது. பெருங்குடலில் உள்ள கிருமிகள் அவற்றைத் தின்று வாயுவை விடுகின்றன. எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி, வாரம் வாரம் கூட்டுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் குடல் பழகிவிடும். ஆரம்பத்தில் பச்சைப்பயறும் பாசிப்பருப்பும் போதும். கொண்டைக்கடலை, மொச்சை பிறகு வரட்டும்.

பவுடர் விஷமல்ல. பாலிலிருந்து பிரித்த புரதம்தான். ஆனால் சாப்பிட வாய் இருக்கும்போது அது தேவையில்லை. பல டப்பாக்களில் சர்க்கரையும் இருக்கிறது. உங்கள் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த 65, 70 கிராம் கெடுக்காது. உங்கள் கிரியேட்டினின் நன்றாக இருக்கிறது. அம்மாவின் வரலாறு இருப்பதால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் பயமும் தீரும்.

அதோடு ஹீமோகுளோபின், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவும் பாருங்கள். எல்லா முடி உதிர்வையும் புரதத்தின் தலையில் கட்ட முடியாது. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் அதே வேலையைச் செய்யும். வேகமாக எடை இறங்கிய இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது அடிக்கடி நடப்பது. வேர் செத்துப் போவதில்லை. சாப்பாடு சீரானால் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். எடை வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும். இதுவரை இறங்கிய வேகம் வேண்டாம்.

இன்னொன்று, புரதம் மட்டும் சாப்பிட்டால் தசை வராது, தசைக்கு வேலை வேண்டும். நடைப்பயிற்சி இதற்குப் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதைப் பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதைப் பத்து முறை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குவதைப் பத்து முறை. மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். இருபது நிமிடம்தான் ஆகும்.

கடைசியாக அம்மாவைப் பற்றி. ஒரே அடுப்பு, ஒரே குக்கர் என்பதால் கேட்டுக்கொள்கிறேன்: உங்களுக்குச் சொன்ன இந்த அளவுகளை அவருக்குக் கொடுக்க வேண்டாம். பழுதான சிறுநீரகத்துக்குப் புரதத்தை அளந்துதான் தர வேண்டும்; பருப்பு, பயறு, கீரையில் உள்ள பொட்டாசியமும் சிலருக்குச் சிக்கலாகும். அதற்காக நாமே பயந்து அவருக்குப் பருப்பை அடியோடு நிறுத்துவதும் தவறு, அவரும் மெலிந்து தளர்ந்துவிடுவார். டயாலிசிஸ் தொடங்கினால் கணக்கு தலைகீழாக மாறி, கூடுதல் புரதம் தேவைப்படும். அடுத்த முறை சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.