குரல் நாண்கள் நன்றாக அசைகின்றன. மேல் ஸ்தாயி மட்டும் ஏன் எழவில்லை?

கேள்வி: எனக்கு 43 வயது. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் தைராய்டு கட்டிக்காக வலப்பக்கச் சுரப்பியை அறுவை செய்து எடுத்தார்கள். பேசும் குரலில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் மாலை நேரத்தில் தொண்டை களைத்துவிடுகிறது. 5 கட்டை சுருதியில் மேல் ஷட்ஜத்தைத் தாண்டினால் குரல் நிற்கவில்லை, மேல் காந்தாரத்தில் உடைந்துவிடுகிறது. கேமரா வைத்துப் பார்த்துவிட்டு, ‘இரண்டு நாண்களும் நன்றாக அசைகின்றன, ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் பாட்டு ஏன் வரவில்லை? மேல் ஸ்தாயியில் கூடுதலாகச் சாதகம் செய்தால் சரியாகுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். பேச்சுக்குரல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மேல் ஸ்தாயி மட்டும் போயிருக்கிறது. அதுவும் தைராய்டு அறுவைக்குப் பிறகு போயிருக்கிறது. இந்த நிலையில், குரல் நாண்களைத் திறந்து மூடும் தசைகளைவிட, நாண்களை இழுத்து நீட்டுகிற ஒரே ஒரு தசையின் மீதுதான் என் ஐயம் முதலில் செல்கிறது. கிரிக்கோதைராய்டு என்பது அதன் பெயர். நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், நாண்கள் அசைவது ஒரு செய்தி, குரல்வளையின் தசைகள் எல்லாம் நலமாக இருப்பது வேறொரு செய்தி. முதலாவது உண்மையாக இருந்தும் இரண்டாவது பொய்யாக இருக்க முடியும் என்பதைத்தான் உங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கழுத்தில் ஒன்றைச் செய்து பாருங்கள். ஆட்காட்டி விரலை முன்கழுத்தின் நடுக்கோட்டில், குரல்வளை மேட்டின் மீது வையுங்கள். அதுதான் தைராய்டு குருத்தெலும்பு. அறுவையில் எடுத்த சுரப்பிக்கும் இதற்கும் பெயர் ஒன்று என்றாலும் பொருள் வேறு. கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இரண்டுக்கும் அந்தப் பெயர் வந்தது. விரலை மெல்லக் கீழே இறக்கினால் மென்மையான ஒரு பள்ளம் தட்டுப்படும், அதற்கும் கீழே வளையம்போல் உறுதியான கிரிக்காய்டு குருத்தெலும்பு. விரல் நுனியை அந்தப் பள்ளத்தில் மெதுவாக வைத்துக்கொண்டு, மந்திர ஸ்தாயியிலிருந்து இடைவிடாமல் ‘ஈ’ என்று வழுக்கி மேலே போங்கள். தசை நலமாக உள்ளவர்களுக்குக் குரல் ஏற ஏறப் பள்ளம் சுருங்கி, விரல் நுனியை இரு குருத்தெலும்புகளும் கவ்வுவதுபோல் உணர முடியும். சுருதி இறங்கும்போது பள்ளம் மறுபடியும் திறக்கும். உங்கள் மாணவிகளில் ஒருவரையும் இதைச் செய்து பார்க்கச் சொன்னால் வேறுபாடு தெரியலாம். இது நோயறியும் சோதனை அன்று, குரல்வளை முழுவதும் ஏறி இறங்குவதால் விரல் ஏமாறவும் கூடும். ஆனால் அந்தத் தசை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதை எந்தப் படத்தையும்விட இது தெளிவாகக் காட்டிவிடும்.

அந்தப் பள்ளத்தின் இரு பக்கமும், வளையத்தின் முன்புறத்திலிருந்து கிளம்பி மேலும் பின்னுமாக விசிறிபோல் விரிந்து தைராய்டு குருத்தெலும்பின் கீழ் விளிம்பைப் பற்றுவதே கிரிக்கோதைராய்டு தசை. அது சுருங்கும்போது இரு குருத்தெலும்புகளின் முன்பகுதிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நாண்களின் முன்முனை தைராய்டு குருத்தெலும்பின் உட்புறத்திலும், பின்முனை கிரிக்காய்டின் பின்புற மேட்டில் அமர்ந்திருக்கும் அரிட்டினாய்டு என்ற சிறு குருத்தெலும்புகளிலும் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே முன்புறம் நெருங்கும்போது இவ்விரண்டு முனைகளும் விலகுகின்றன, நாண் நீண்டு மெலிந்து விறைக்கிறது. வீணையின் பிரடையை முறுக்குவதற்கு நிகரான வேலை இது. 5 கட்டையில் உங்கள் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் 392, மேல் காந்தாரம் 490, மேல் பஞ்சமம் 588. மேல் பஞ்சமத்தில் நிற்க வேண்டுமானால் நாண்கள் நொடிக்கு 588 முறை திறந்து மூட வேண்டும். தசை ஒவ்வொரு முறையும் சுருங்கி விரிவதால் இது நடப்பதில்லை. எந்தத் தசையாலும் அவ்வளவு வேகத்தில் இயங்க முடியாது. தசைகள் நாண்களைத் தக்க நீளத்திலும் இறுக்கத்திலும் பிடித்து நிறுத்துகின்றன, நுரையீரலிலிருந்து வரும் காற்றே அவற்றை அதிரச் செய்கிறது. 1950-களில் இது குறித்துப் பெரிய விவாதம் நடந்தது. நரம்புத் துடிப்பு ஒவ்வொன்றும் ஓர் அதிர்வை உண்டாக்குகிறது என்ற கொள்கை வீழ்ந்து, 1958-இல் வான் டென் பெர்க் என்ற ஆய்வாளர் முன்வைத்த காற்றியக்க விளக்கம் நிலைபெற்றது.

கிரிக்கோதைராய்டுக்கு எதிர்த்திசையில் வேலை செய்வது, நாணின் உடலாகவே அமைந்திருக்கும் தைரோஅரிட்டினாய்டு. அது சுருங்கினால் நாண் குட்டையாகித் தடிக்கும். நல்ல பாடகரின் குரல் மந்திரத்திலிருந்து தாரம் வரை தையல் தெரியாமல் ஏறுவது, இவ்விரண்டு தசைகளும் ஒன்று தளர ஒன்று இறுகப் பொறுப்பை மாற்றிக்கொள்வதால்தான். ஒன்று வலுவிழந்தால் அந்தக் கைமாற்றம் நடக்க வேண்டிய இடத்தில் குரல் உடைகிறது. நீங்கள் காந்தாரத்தில் கேட்கும் உடைவு இதுவாக இருக்கக்கூடும்.

மற்ற தசைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாண்களை நடுவில் சேர்ப்பவை பக்கவாட்டிலுள்ள லேட்டரல் கிரிக்கோஅரிட்டினாய்டும், இரு அரிட்டினாய்டுகளுக்கு நடுவே உள்ள தசைகளும். விழுங்கும்போது குரல்வளையின் வாயைச் சுருக்கி, உணவு மூச்சுப்பாதைக்குள் புகாமல் காப்பவை ஆரிஎப்பிகிளாட்டிக் தசைகள். இத்தனை தசைகளில் நாண்களை விரித்து மூச்சுக்கு வழிவிடுவது ஒரே இணைதான்: வளையத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் போஸ்டீரியர் கிரிக்கோஅரிட்டினாய்டு. இந்த இணை இரு பக்கமும் ஒருசேரச் செயலிழந்தால் பேச்சு ஓரளவு வரும், மூச்சு திணறும். உங்களுக்கு ஒரு பக்கம் மட்டுமே அறுவை நடந்திருப்பதாலும், நாண்கள் நன்றாக விரிவதைக் கேமராவில் பார்த்துவிட்டதாலும், இந்த அச்சத்தை நீங்கள் விட்டுவிடலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நான் சொன்ன உள்தசைகளில் கிரிக்கோதைராய்டைத் தவிர மற்ற அனைத்துக்கும் ஒரே நரம்பு: ரெக்கரன்ட் லாரிஞ்சியல், அதாவது மீள் குரல்வளை நரம்பு. கழுத்து வழியாக மார்பை நோக்கி இறங்கிய பிறகு இடப்பக்கம் பெருந்தமனி வளைவையும், வலப்பக்கம் சப்கிளேவியன் தமனியையும் சுற்றிக்கொண்டு மேலே திரும்புவதால் அதற்கு அந்தப் பெயர். இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற மருத்துவர், வீறிடும் பன்றியின் இந்த நரம்பை அறுத்து அதன் குரல் நின்றுபோவதைக் கூட்டத்தின் முன் காட்டினார். தைராய்டு அறுவையில் எல்லோரும் கவலைப்படுவது இந்த நரம்பைப் பற்றித்தான். அறுவைக்குப் பின் கேமராவில் தேடுவதும் பெரும்பாலும் இதன் பாதிப்பைத்தான், ஏனென்றால் இது செயலிழந்தால் நாண் அசையாமல் நின்றுவிடும், பார்த்தவுடன் தெரியும்.

கிரிக்கோதைராய்டுக்கு வரும் நரம்பு வேறு. அது மேல் குரல்வளை நரம்பின் வெளிக்கிளை. மெல்லிய நூல்போன்ற இந்த நரம்பு, தைராய்டு சுரப்பியின் மேல்முனைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியை ஒட்டியே இறங்குகிறது. சுரப்பியை எடுக்க வேண்டுமானால் அந்தத் தமனியைக் கட்டி வெட்டியாக வேண்டும். பலருக்கு நரம்பு, கட்டும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே குறுக்கிடுகிறது. எனவே கவனமாகச் செய்த அறுவையிலும் அது இழுபடவோ, சூடுபடவோ, கட்டில் அகப்படவோ இடமுண்டு. இது பாதிக்கப்பட்டால் நாண்கள் வழக்கம்போல் திறந்து மூடும். நீட்சி மட்டும் குறையும். கேமராவில் நாண் சற்றுச் சாய்வதையோ, குரல்வளையின் பின்பகுதி ஒரு பக்கம் திரும்புவதையோ சிலர் அடையாளமாகச் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பும் என்பதிலேயே நிபுணர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே உங்களைப் பார்த்தவர் தவறு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் தேடியது அங்கே இல்லை, உங்களுக்கு வேண்டியதை யாரும் தேடவில்லை. சாதாரணமாகப் பேசும் ஒருவர் இந்த இழப்பை உணராமலே வாழ்ந்துவிடலாம். பாடுகிறவருக்கு அது தொழிலின் பாதி.

அமெலிட்டா கல்லி-குர்ச்சி என்ற புகழ்பெற்ற ஆப்பரா பாடகிக்கு 1935-இல் சிகாகோவில் தைராய்டு கட்டி அகற்றப்பட்டது. அதில் இந்த நரம்பு அறுபட்டுத்தான் அவர் குரல் போயிற்று என்று அறுவை மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அவருடைய குரல் அறுவைக்கு முன்பே தளரத் தொடங்கியிருந்தது என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அறுவைக்குப் பின் வந்தது எல்லாம் அறுவையால் வந்தது என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்களுக்கும் வேறு காரணங்கள் இருக்கலாம். தைராய்டு ஹார்மோன் குறைந்தாலே நாண்கள் ஊதிக் குரல் கனத்துவிடும். பாதிச் சுரப்பி போன பிறகு இரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, உடனே பாருங்கள். மற்றொன்று, குரல்வளையை மேலும் கீழும் நகர்த்தும் வெளித்தசைகள் அறுவை வடுவோடு ஒட்டிக்கொள்வது. கண்ணாடி முன் நின்று எச்சிலை விழுங்கிப் பாருங்கள். தழும்பும் கூடவே மேலே இழுபட்டால் அந்த ஒட்டுதல் இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு மசாஜும் கழுத்துப் பயிற்சியும் உண்டு.

அடுத்து செய்ய வேண்டியது, குரல் நோய்களில் பயிற்சி உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோபி செய்துகொள்வது. அதிர்வோடு இசைந்து விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில், நொடிக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகள் கண்ணுக்கு மெதுவாகி, நாணின் விளிம்பில் ஈரத்துணியில் ஓடுவதுபோல் ஓர் அலை தெரியும். ‘ஈ’ என்று கீழிருந்து மேலே வழுக்கிக்காட்டச் சொல்வார்கள். நாண்கள் நீளுகின்றனவா, இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று அப்போது பார்க்க வேண்டும். நீங்கள் பாடகி என்பதையும், எந்தச் சுரத்தில் உடைகிறது என்பதையும் சொல்லி, அந்தச் சுரத்தைப் பாடும்போதே பார்க்கும்படி கேளுங்கள். ஐயம் நீடித்தால், கிரிக்கோதைராய்டில் மெல்லிய ஊசி செலுத்தி அதன் மின்னோட்டத்தைப் பதியும் எலெக்ட்ரோமயோகிராம் ஒன்றே உறுதியான விடை தரும். பாதிப்புக்குப் பின் முதல் ஆறு மாதங்களில் செய்தால்தான் அதன் முடிவு மிகவும் பயன்படும். உங்களுக்கு நான்கு மாதங்கள் ஆகிவிட்டன, தள்ளிப்போடாதீர்கள்.

சாதகம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேல் ஸ்தாயியில் மூச்சை முட்டித் தள்ளிப் பாடாதீர்கள். நரம்பு வராத தசையை உழைப்பால் எழுப்ப முடியாது. கிரிக்கோதைராய்டு செய்யாத வேலையைச் செய்ய மற்ற தசைகள் கழுத்தையே நெரிக்கும், மாலைக் களைப்பு கூடும், நாளடைவில் நாணில் சிறு முடிச்சும் வரலாம். இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மீள்கிறது, ஓராண்டு வரையிலும் எதிர்பார்க்கலாம். அதுவரை ஸ்பீச் தெரபிஸ்டிடம் முறையாகக் கற்றுக்கொண்டு, மெல்லிய ஸ்ட்ரா வழியாக ‘ஊ’ என்று ஒலித்து, சிரமமில்லாமல் எட்டும் எல்லை வரை மட்டும் வழுக்கி ஏறி இறங்குங்கள். ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை. கிசுகிசுப்பது ஓய்வாகாது. அதிமதுரமும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம் தரும், ஆனால் விழுங்கும் எதுவும் நாண்களைத் தொடாமல் உணவுக்குழாய்க்குத்தான் போகிறது. இரண்டு குருத்தெலும்புகளையும் தையலிட்டு நெருக்கிச் சுருதியை உயர்த்தும் அறுவை ஒன்றும் உண்டு. அது நாணை ஒரே இறுக்கத்தில் நிறுத்திவிடும், ஏறி இறங்கும் நெகிழ்வைத் திருப்பித் தராது என்பதால் ஒரு பாடகிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. வகுப்பில் சுருதியை 4 கட்டைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். மேல் ஸ்தாயி சஞ்சாரங்களைத் தேர்ந்த மாணவி ஒருவரைப் பாடச் சொல்லுங்கள், அல்லது வயலினில் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், ஒரே சுருதியில் மந்திர பஞ்சமத்திலிருந்து எட்டும் இடம் வரை அகாரமாகப் பாடிக் கைபேசியில் பதிந்து, தேதியோடு சேர்த்து வையுங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ, மூச்சை இழுக்கும்போது சத்தம் கேட்டாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்தப் பதிவுகளையும், அறுவைக்கு முன் நீங்கள் பாடிய பழைய பதிவு ஒன்றையும் மருத்துவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள்.