பதில்: துருக்கித் தொடர் வசனவரி – 'ஹலா' அத்தையா, சித்தியா?

அத்தை என்றே போடுங்கள். அரபு அகராதியில் 'காலா' என்றால் அம்மாவின் சகோதரி என்று இருப்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள். அகராதி சொல்வது சரிதான். ஆனால் அந்தச் சொல் துருக்கிக்குப் போனதும் 'ஹலா' ஆகி, அப்பா பக்கம் தாவிவிட்டது. இன்று இஸ்தான்புல்லில் ஹலா என்றால் அப்பாவின் அக்காவோ தங்கையோதான். 'அம்ஜா' பெரியப்பா அல்லது சித்தப்பா. அதுவும் அரபு வேர்தான்.

அம்மா பக்கம் மட்டும் பழைய துருக்கியச் சொற்கள் நிலைத்துவிட்டன. 'தாயி' தாய்மாமன் (நம் காதுக்கு வேறு மாதிரி கேட்கும், ஏமாந்துவிடாதீர்கள்). அதன் பழைய வடிவம் 'தகாய்'. அதோடு அக்காவைக் குறிக்கும் 'எஸே' ஒட்டிப் பிறந்ததுதான் 'தெய்ஸே', அதாவது பெரியம்மா அல்லது சித்தி. வயதான எந்தப் பெண்மணியையும் தெய்ஸே என்று கூப்பிடுவார்கள்; கடையில் நடக்கும் காட்சியில் அப்படி வந்தால் 'அம்மா' போதும்.

ஆங்கில வசனவரியை வைத்து மொழிபெயர்க்காதீர்கள். அங்கே எல்லாரும் அங்கிள், ஆன்ட்டிதான். துருக்கி ஒலியைக் கேட்டால் தமிழ்ச் சொல் தானாக வரும்.

'கர்தெஷ்' வந்தால் அண்ணனா தம்பியா, அக்காவா தங்கையா என்று கதையைப் பார்த்துதான் முடிவுசெய்ய வேண்டும். அதன் வேரான 'கரின்' என்றால் வயிறு; ஒரே வயிற்றில் பிறந்தவர் என்று பொருள், நம் 'சகோதரர்' மாதிரியே. துருக்கிக்கு உறவுமொழியான கசாக்கில் ஒரு தொடர் கைக்கு வந்தால் கவனம்: அங்கே இதே சொல்லின் வடிவமான 'கரிந்தாஸ்' ஓர் ஆணின் தங்கை மட்டுமே. பெண்ணின் தங்கைக்கு 'சிங்லி' என்று தனிச்சொல்.