ஒரே பில்லில் இரண்டு ஜிஎஸ்டியா?

கல்முனைச் சகோதரருக்கு, சென்னையில் 1,00,000 இந்திய ரூபாய்க்குக் கடைக்குச் சாறி எடுத்த பில்லில் சிஜிஎஸ்டி 2,500, எஸ்ஜிஎஸ்டி 2,500 என்று இரண்டு தரம் வரி போட்டு ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஜிஎஸ்டி என்ற சரக்கு, சேவை வரி ஒன்றுதான், சாறிக்கு 5 வீதம். மாநிலத்துக்குள்ளேயே விற்றால் பாதி மத்திய அரசுக்கு (சிஜிஎஸ்டி), பாதி தமிழ்நாட்டுக்கு (எஸ்ஜிஎஸ்டி). வேறு மாநிலத்துக்கு விற்றால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக வரும். 2017 ஜூலை 1 முதல் அங்கே இதுதான் நடைமுறை.

உங்களுக்கு நட்டம் வந்த இடம் வேறு. ஏற்றுமதிக்கு அங்கே பூச்சிய வீதம். முறையாக ஏற்றுமதி செய்கிற வியாபாரி எல்யூடி என்ற உறுதிப்பத்திரத்தை அங்குள்ள வரித் திணைக்களத்துக்குக் கொடுத்திருந்தால், வரி சேர்க்காமலே உங்கள் பெயருக்கு பில் போட்டு அனுப்பலாம். நீங்களோ கவுண்டரில் காசு கட்டி, பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சட்டப்படி அது சென்னையிலேயே முடிந்த விற்பனை. அந்த 5,000ஐ மறந்துவிடுங்கள்.

அப்புறம், அதை நம் இலங்கைச் சுங்கத்தில் காட்டிக் கழிக்கவும் முடியாது. இங்கே இறக்குமதிக்கு விதிக்கிற வற் வரி (பெறுமதி சேர் வரி, பொது வீதம் 18) தனிக் கணக்கு.

அடுத்த முறை விலை பேச முதலே “ஏற்றுமதி பில் தருவீர்களா” என்று கேளுங்கள். சில்லறைக் கடைக்காரர் பெரும்பாலும் இந்தத் தலையிடிக்கு வரமாட்டார், மொத்த வியாபாரியிடமே போங்கள்.