அப்பா சொல்லாத வாக்கியம்

வணக்கம் ஐயா,

நான் வரைகலைப் பணியில் இருப்பவன். அப்பா இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவர் அனுப்பிய குரல் பதிவுகள் நாற்பது நிமிட அளவுக்கு என் கைபேசியில் இருக்கின்றன. பெரும்பாலும் ‘கதவைப் பூட்டினாயா’, ‘எப்போது வருவாய்’ என்கிற மாதிரிப் பேச்சுகள்தான். அவற்றையும் பழைய புகைப்படங்களையும் வைத்து ஒரு டிஜிட்டல் கலைப்படைப்பு செய்துகொண்டிருக்கிறேன். இருட்டறையில் அவர் முகம் மெல்லத் தெளிந்து வரும். பார்ப்பவர் அருகே வந்தால் பேசும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவர் குரலிலேயே புதிதாகப் பேசவைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். சோதனைக்கு ஒன்று செய்தேன். என் பெயரைச் சொல்லி ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்றார். அன்றிரவு நான் தூங்கவில்லை. அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். நான் செய்வது கலையா, அப்பாவை விட மனமில்லாத பிடிவாதமா?

எம்.

அன்புள்ள எம்.,

பிடிவாதத்திலிருந்து எத்தனையோ நல்ல கலை பிறந்திருக்கிறது. அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். என்னை உறுத்துவது அந்த ஒரு வாக்கியம். அதை உங்கள் அப்பா சொல்லவில்லை. நீங்கள் கேட்க ஏங்கியதை, அவர் குரலை இரவல் வாங்கி உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். அக்கா எழுந்து போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

குரலை நகலெடுக்கும் மென்பொருள், ஒருவர் வழக்கமாக எப்படி ஒலிப்பார் என்பதைப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு அதில் புதிய சொற்களை ஏற்றுகிறது. நமக்கோ வழக்கம் தவறிய இடங்கள்தான் வேண்டியிருக்கின்றன. என் அம்மாவின் குரல் ஒரு கேசட்டில் இருந்தது. கணினிக்கு மாற்றியபோது பின்னால் மின்விசிறி இரைந்துகொண்டே இருந்ததால், இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டேன். பேச்சு பளிச்சென்று தெளிந்துவிட்டது. இரண்டாம் முறை கேட்கும்போதுதான், பேசத் தொடங்குமுன் அம்மா இழுக்கும் மூச்சு காணாமல் போயிருப்பது தெரிந்தது. அவருக்கு ஆஸ்துமா. அந்த மூச்சை வைத்துத்தான் அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று வீட்டில் கணிப்போம். மென்பொருளுக்கு மின்விசிறியும் அம்மாவின் நுரையீரலும் ஒன்றுதான். நல்லவேளை, கேசட்டைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை.

1992-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் வில்லியம் கிப்சன், தன் தந்தையின் புகைப்பட ஆல்பத்திலிருந்து தொடங்கும் ஒரு நெடுங்கவிதையை ஃப்ளாப்பி வட்டில் வெளியிட்டார். பெயர் ‘அக்ரிப்பா’. திரையில் ஒருமுறை ஓடி முடிந்ததும் அது தன்னையே மறையாக்கம் செய்துகொள்ளும். மறுபடி படிக்க முடியாது. (வெளியான கையோடு யாரோ அதை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை. மறப்பதற்கும் கொடுப்பினை வேண்டும்.) மின்னணுக் கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மர் ஓர் அறை முழுக்க அமைத்த ‘பல்ஸ் ரூம்’ 2006-இல் வந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டால் உங்கள் இதயத்துடிப்புக்கு ஏற்ப ஒரு பல்பு எரிந்து அணையும். கையை எடுத்ததும் அந்தத் துடிப்பு கூரையில் தொங்கும் பல்புகளின் வரிசையில் சேர்ந்துகொள்ள, முன்பு வந்தவர்களின் துடிப்புகள் ஒவ்வொரு பல்பாக நகரும். ஆட்கள் வர வர உங்களுடையதும் நகர்ந்து, கடைசிப் பல்பையும் தாண்டி இல்லாமல் போகும். கண்ணீரை வரவழைக்க இசைகூட வேண்டியிருக்கவில்லை.

எதிர்த்திசையில் போனவர் பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி. பல நாட்டு மனிதர்களின் இதயத்துடிப்புகளைப் பதிவுசெய்து, 2010 முதல் ஜப்பானின் தெஷிமா தீவில் ஒரு காப்பகமாகவே வைத்தார். அவர் 2021-இல் இறந்துவிட்டார். காப்பகம் இருக்கிறது, வேண்டியவரின் துடிப்பைத் தேடிக் கேட்கலாம். அங்கே எந்த இதயமும் துடிக்காத துடிப்பைத் துடிப்பதில்லை.

உங்களுக்கும் அதையே சொல்வேன். ‘கதவைப் பூட்டினாயா’ போதும். அதைவிடச் சிறந்த வரியை எந்த இயந்திரமும் உங்களுக்கு எழுதித் தரப்போவதில்லை. நாற்பது நிமிடம் தீர்ந்ததும் முகம் அப்படியே இருக்கட்டும், குரல் வராமல். அடுத்து வருபவர் எவ்வளவு நெருங்கி நின்றாலும் பேசவேண்டாம். தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. நோயால் பேச்சு போய்விடும் என்று தெரிந்தவர்கள் முன்கூட்டியே குரலைச் சேமித்துவைத்து, பிறகு கணினி வழியே அதே குரலில் பேசுகிறார்கள். குரலை இயந்திரம் உருவாக்கினாலும் வாக்கியம் அவர்களுடையது.

அக்காவிடம் படைப்பு எப்படி என்று கேட்காதீர்கள். எந்தப் பதிவுகளை வெளியார் கேட்கக்கூடாது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எடுத்துவிடுங்கள், படைப்பு மெலிந்தாலும் பரவாயில்லை. பதிவுகளை வந்த வடிவத்திலேயே வேறு வேறு வட்டுகளில் பிரதியெடுத்து வையுங்கள். சுருக்கிய ஒலிக்கோப்பைத் திறந்து மறுபடி சுருக்கிச் சேமிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

அந்தச் சோதனைக் கோப்பை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. நானாக இருந்தால் அழித்துவிடுவேன். மனம் வராவிட்டால், அப்பாவின் பதிவுகள் இருக்கும் கோப்புறையில் மட்டும் வைக்காதீர்கள். கோப்புக்கு உங்கள் பெயரை இடுங்கள். பத்து ஆண்டுகள் போனால், அவர் அப்படிச் சொன்னாரா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.