வாடகைத் தாய்: நொத்தாரிசு ஒப்பந்தம் போதுமா?

கேள்வி: எனக்குக் கர்ப்பப்பை எடுத்துவிட்டார்கள். கல்யாணமான தங்கச்சி எங்கள் கருவைச் சுமக்கத் தயார். நொத்தாரிசு முன் ஒப்பந்தம் எழுதினால் பிறப்புச் சான்றிதழில் எங்கள் பெயர் வருமா? - வாசகி, தலவாக்கலை

பதில்: வராது, சகோதரி. இலங்கையில் வாடகைத் தாய்மைக்குத் தனிச் சட்டம் இல்லை. பெற்றவர்தான் தாய் என்று பதிவாகும். அவருடைய கணவரையே தகப்பனாகக் கொள்கிறது சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு. ஒப்பந்தம் இதை மாற்றாது.

சிலர் தங்கச்சியை அக்காவின் அடையாள அட்டையில் கிளினிக்கில் பதிவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொய்ப் பதிவு குற்றம் என்பது ஒருபுறம். கிளினிக் அட்டையில் அக்காவின் இரத்த வகை ஏறிவிட்டால், தங்கச்சி நெகட்டிவ் வகையாக இருந்தாலும் அவளுக்கான ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்தில் பிள்ளைக்குப் பாதிப்பு வராமல் தடுப்பது) தவறிப்போகும்; இரத்தம் ஏற்ற நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பிறப்பை உள்ளபடியே 42 நாட்களுக்குள் பதியுங்கள். பிறகு நீங்களும் கணவரும் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தில் மகவேற்புக்கு, அதாவது பிள்ளையைத் தத்தெடுக்க, விண்ணப்பியுங்கள். வயது 25 ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். தங்கச்சி, அவர் கணவர் இருவரின் சம்மதமும் தேவை. நன்னடத்தை அலுவலர் விசாரிப்பார். தங்கச்சி மனம் மாறிச் சம்மதிக்க மறுத்தால், ஒப்பந்தத்தைக் காட்டிப் பிள்ளையைக் கேட்க முடியும் என்று நம்பியிருக்காதீர்கள்.

நீதிமன்ற அனுமதியின்றிப் பணம் கைமாறக்கூடாது. பிள்ளையை விற்பதும் வாங்குவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவில் குற்றம். இந்தியாவிலும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கூலிக்குச் சுமப்பதைத் தடைசெய்கிறது. தரகர் பேச்சை நம்ப வேண்டாம். கரு வைக்கும் முன்பே சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.